கட்டிப்போட்ட பந்து

முத்தையாபுரம்,
ஜூலை 27

என் செல்ல மகள் ஜெஸ்மிக்கு,

பனிமய மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு அம்மா எழுதுகிறேன். காலையில்தானே போனில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் எங்கே பேசினேன்? உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், "சாப்பிட்டியா, அங்கே மழையா" என்பதற்கு மேல் எனக்கு வாய் திறக்க முடிகிறதா? வாட்ஸ்அப்பில் எழுதினாலும் முதலில் அவர்தான் எடுத்துப் பார்க்கிறார். கரையில் வேறு வேலை இல்லாத மனுஷன் என் போனுக்குக் காவல் இருக்கிறார். எதிர்வீட்டு ஜீவமணி தன் மகளைப் பார்க்க அயர்லாந்து வருகிறாள். இதை அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். படித்துவிட்டு நீயே வைத்துக்கொள். அப்பாவிடம் மூச்சு விடாதே.

நீ சுக்கானுக்கு அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. ஓட்டை வைத்த பந்து, உள்ளே பொந்தாக இருக்கிற சிவப்பு ரப்பர் சாமான், மேடும் பள்ளமுமான தட்டு, மூன்றும் உடையாமல் இருக்கின்றன. நாய்க்கு இவ்வளவு சீர்வரிசையா என்று ஜீவமணி கேட்டாள். போன மாதம் அதன் வயிறு பானையாக ஊதி, வாயில் நுரை தள்ளி, ஆட்டோவில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியது அவளுக்குத் தெரியுமே. டாக்டர் சிவசுப்பிரமணியன் குழாய் விட்டுக் காற்றை எடுத்த பிறகுதான் அது கண்ணைத் திறந்தது. இனியும் இப்படி அள்ளி விழுங்கினால் குடல் முறுக்கிக்கொள்ளும், அடுத்த தடவை நான் பொறுப்பில்லை என்று அவர் சொன்னதை நினைத்தால் இன்னும் எனக்குப் பதறுகிறது.

தோணியில் வளர்ந்து அப்பாவோடு கரைக்கு வந்த நாய் அல்லவா, அவசரமாகத் தின்று பழகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். மாலத்தீவில் நாயை இறக்க விடமாட்டார்கள் என்பதால் அது பாதி ஆயுசுக்கு மண்ணையே மிதிக்கவில்லை. தளத்தில் அலை ஏறுவதற்குள் தின்று முடிக்க வேண்டும் என்று இருந்திருக்கும். உன் அப்பா மட்டும் என்ன? சோற்றைப் போட்டு, குழம்புச் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பினால் தட்டு காலி.

பந்துக் கதையைக் கேள். புதன்கிழமை நான் பூசைக்குப் போகும்போது, பந்தில் தீனியை நிரப்பி நாயிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் தெருமுனை வரைக்கும் குரைப்பு கேட்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால், உன் அப்பா அந்தப் பந்தை நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் பின்னி, பின்கதவுக் கம்பியோடு இறுக்கிக் கட்டிவைத்திருக்கிறார். அசைத்தால் கதவுதான் வரும், பந்து வராது. சுக்கான் ஓட்டையை நக்கி நக்கி, குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிப்போய் நிற்கிறது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றால், "கட்டாம வச்சா உருண்டு போயிடும்லா, ஏளா" என்கிறார். உருள்வதற்குத்தான் அதைச் செய்து விற்கிறான், உருண்டால்தான் தீனி விழும் என்று நான் சொன்ன பிறகு பந்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தோணியில் கட்டாமல் எதையும் வைக்கக் கூடாது என்று நாற்பது வருஷம் பழகிய கை. உருண்டையாக ஒன்றைக் கண்டதும் தானாகக் கயிற்றைத் தேடியிருக்கிறது. நான் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயில்லாத சீவனுக்குச் சோத்தை ஒளிச்சி வச்சி வேல வாங்குதது பாவம்ளா" என்று முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தார். அவர் போட்ட முடிச்சை அவராலேயே சீக்கிரம் அவிழ்க்க முடியவில்லை.

இதெல்லாம் சிரிப்புக் கதை. சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. வளன் வந்திருந்தான். தோணிச் சொந்தக்காரன் வீட்டுக்கு வந்தால் காப்பி கொடுக்காமல் இருக்க முடியுமா, கொடுத்தேன். செப்டம்பர் பாதியில் மாலத்தீவுக்குச் சரக்கோடு முதல் நடை கிளம்புகிறதாம். தோணியை நடத்தத் தண்டல் இன்னும் அமையவில்லையாம். "அண்ணாச்சி வந்தா எனக்குப் பயமில்ல" என்று தரையைப் பார்த்துச் சொல்லுகிறான். உன் அப்பா உடனே, மகளுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன், அதைப் பற்றிப் பேசாதே என்று சொல்லிவிட்டார். ஆனால் வளன் போன பிறகு வாசலில் இருந்து பின்கட்டு வரைக்கும் நடக்க ஆரம்பித்தவர் விளக்கு வைக்கும் வரை நிற்கவில்லை. நாயும் அதேபோல்தான் நாள் முழுதும் நடக்கிறது. இரண்டு பேரும் நடுவில் எதிர்ப்பட்டால் ஒருத்தருக்கு ஒருத்தர் ஒதுங்கி வழி விடுகிறார்கள். நான் அடுக்களையில் நின்று இந்த நடையைப் பார்த்தே தலை சுற்றிப்போகிறேன்.

பிப்ரவரியில் அவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது நீ ஓடி வந்து, அயர்லாந்துக்குத் திரும்புவதற்கு முன்னால் அவரை மாதா கோவிலுக்குக் கூட்டிப்போய், "இனி தோணியில் கால் வைக்க மாட்டேன்" என்று பீடத்துக்கு முன்னால் சொல்ல வைத்தாயே, அது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது தெரிகிறது. அந்த ஒரு வார்த்தைதான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ஏதாவது இழுப்பார், சுற்றி வளைப்பார். நீ இளகிவிடாதே. கெட்டியாக இரு, என் கண்ணே.

உன் தேகத்தைப் பார்த்துக்கொள். இரவு டியூட்டி முடிந்து பஸ்ஸில் தூங்காதே.

உன் அம்மா,
சலேத்மேரி


முத்தையாபுரம்,
ஆகஸ்ட் 16

அன்புள்ள ஜெஸ்மி,

ஜீவமணி கொண்டுவந்த கடிதம் கிடைத்தது என்று நீ போனில் ஜாடையாகச் சொன்னாயே, அப்பாவுக்குச் சந்தேகம் வந்து "என்ன கிடைச்சுதாம்?" என்று கேட்டார். அப்பளம் என்று சொன்னேன். இதை நானே தபாலாபீசில் போடப்போகிறேன்.

திருவிழா நன்றாக முடிந்தது. கூட்டத்தில் உனக்காக ஒரு மெழுகுவர்த்தி, அவருக்காக ஒன்று ஏற்றினேன். சுக்கானுக்கும் ஏற்றியிருக்கலாம், சாமியார் திட்டுவாரோ என்று விட்டுவிட்டேன்.

நாய் இப்போது நன்றாகத் தேறிவிட்டது. பந்தை மூக்கால் தள்ளி, விழுகிற தீனியை ஒன்றிரண்டாகப் பொறுக்கித் தின்கிறது. சிவப்புச் சாமானில் சாளை மீனை முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து அடைத்து, ஐஸ்பெட்டியில் இறுக வைத்துக் கொடுக்கிறேன். மத்தியானம் பூரா அதை இரண்டு காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நக்குகிறது. வாந்தி இல்லை, ஊதல் இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு உன்னைப் பாராட்டினார். அப்பாவும் மனம் மாறிவிட்டார். சமதரையில் அதற்குக் கஷ்டமே இல்லை என்று ஒரு பலகைக்கு அடியில் உருளைக்கட்டையைக் கொடுத்து, பலகை ஏறி இறங்கும்படி செய்து, அதன்மேல் பந்தை விட்டிருக்கிறார். சுக்கான் அந்த ஆட்டத்தில் நாலு காலையும் பரப்பி நின்று பந்தைப் பிடிக்கிறது. அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று தெரியுமா? எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. நாய்க்கு ஆகிறது மனுஷனுக்கு ஆகாதா என்று நினைத்தேன். மறுநாள் முதல் அவருக்கு எதையும் மொத்தமாகக் கொடுப்பதில்லை. சோறு ஒரு கரண்டி, அது இறங்கின பிறகு அடுத்த கரண்டி. கடலையை மூடி திருக முடியாத டப்பாவில் போட்டு வைத்தேன். மீன் வாங்க ஒரு தடவை, தேங்காய்க்கு ஒரு தடவை, மறந்துபோன மாதிரி கருவேப்பிலைக்கு ஒரு தடவை என்று கடைக்கு அனுப்பினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாலாம் நாள் கொத்தமல்லிக்கட்டோடு வந்தவர், அதை மேடைமேல் வைத்துவிட்டு, "எனக்கும் பந்து உருட்டுதியா, ஏளா?" என்று கேட்டார். திட்டவில்லை, கத்தவில்லை. சிரித்த மாதிரிதான் கேட்டார். அன்றைக்கு ராத்திரி பசியில்லை என்று படுத்துவிட்டார். எனக்கு ரொம்பச் சங்கடமாகிவிட்டது, ஜெஸ்மி.

நீ சொன்னாய் என்று மீன் தொட்டி வாங்கி வைத்தோம். அரைமணி நேரம் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு, "இதுகளும் கரையிலதான் கெடக்கு, பாவம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தீனி நான்தான் போடுகிறேன்.

ஒரே ஒரு நல்ல சேதி. இப்போது காலையில் நாயை நடக்கக் கூட்டிப்போகிறார். போனால் மத்தியானம்தான் வருகிறார். இதய டாக்டரும் நடக்கத்தானே சொன்னார்? வந்ததும் குளித்துவிட்டுச் சாப்பிடுகிறார், கொஞ்சம் நிதானமாகவே சாப்பிடுகிறார். வளன் மறுபடி வரவில்லை, அதுவே போதும். செப்டம்பர் பாதி தாண்டிவிட்டால் முதல் நடை போய்விடும், நானும் மூச்சு விடுவேன். அதுவரை கெட்டியாக இரு.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா


முத்தையாபுரம்,
செப்டம்பர் 9

என் மகளே,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். சீக்கிரம் வர வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன்.

போன வெள்ளிக்கிழமை அவருக்கு இதய டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள். அவருக்கு நினைவே இல்லை, காலையில் நாயோடு கிளம்பிவிட்டார். போனையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று, ஆள் வரவில்லை. எந்தத் தெருவில் விழுந்து கிடக்கிறாரோ என்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரரிடம் கேட்டால், "தண்டல் அண்ணாச்சியா? அவர் டெய்லி வளன் வண்டியிலதான போவாரு, நாயும் ஏறிக்கிடும்" என்கிறார். சரக்கு ஏற்றுகிற குட்டியானை வண்டி. ஒரு மாதமாக இந்த நடைப்பயிற்சிதான் நடந்திருக்கிறது!

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சத்தியத்தை உடைத்துவிட்டார் என்று நினைத்தேன். மகளையும் ஏமாற்றி, மாதாவையும் ஏமாற்றி, என்னிடம் குளித்துவிட்டு நல்லபிள்ளையாகச் சாப்பிடுகிறார் என்று எரிந்தது. பஸ் பிடித்துப் பழைய துறைமுகத்துக்குப் போனேன். வாசலில் விடவில்லை. வளனை வரச் சொன்னேன், அவன் முகம் வெளிறிப்போய் வந்து என்னை உள்ளே கூட்டிப்போனான். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன்.

தோணி சரக்கு ஏற்றிக்கொண்டு நின்றது. வெங்காய மூட்டை, ஓடு, சிமென்ட். சுக்கான் தோணிக்குள்ளே இருந்தது. சமையல்காரப் பண்டாரி ஒரு பலகையில் சோறும் மீனும் வைத்திருந்தான். பந்து இல்லை, மேடு பள்ளத் தட்டு இல்லை, வெறும் பலகை. நாய் ஒரு வாய் தின்கிறது, தலையைத் தூக்கிக் காக்கையைப் பார்க்கிறது, யாரோ கூப்பிட்டால் வாலை ஆட்டுகிறது, மறுபடி ஒரு வாய். வீட்டில் அள்ளி விழுங்கிச் சாகப் பார்த்த நாயா இது என்று பண்டாரியிடம் கேட்டேன். அவனுக்கு நான் கேட்டது விளங்கவில்லை. "எப்பவும் இப்படித்தானக்கா தின்னும். தோணியிலயே கடைசியா தின்னு முடிக்கிறது இதுதான்" என்றான். கடலில் பழகிய அவசரம் என்று உனக்கு எழுதினேனே, அது என் கற்பனை. அந்த அவசரம் நம் வீட்டுக்கு வந்த பிறகு வந்தது. தோணியில் கூடவே இருந்த அப்பாவுக்கு இது முதலிலிருந்தே தெரியும். என்னிடம் சொல்லவில்லை.

அவரை எங்கே காணோம் என்று தேடினேன். அவர் தோணியில் இல்லை, ஜெஸ்மி. கரையில் நின்றுகொண்டிருந்தார். ஏறுகிற பலகைக்குப் பக்கத்தில், துறையின் விளிம்பில், கால்விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி நிற்கிறார். தோணியைக் கட்டியிருக்கிற வடத்தின்மேல் ஒரு கையை வைத்திருக்கிறார். அலையில் தோணி ஏறி இறங்க, வடம் இறுகித் தளர, அந்தக் கையும் கூடவே போய் வருகிறது. உள்ளே இருந்து பையன்கள், மூட்டையை இப்படி அடுக்கவா அப்படி அடுக்கவா என்று கேட்கிறார்கள். இவர் கரையில் இருந்தே சொல்கிறார். வளனிடம் கேட்டேன், இவர் எப்போதாவது ஏறினாரா என்று. அவன் கண் கலங்கிவிட்டது. "ஒரு நாளும் ஏறலக்கா. காலைலேருந்து நிப்பாரு. ஏலே, நாய மட்டும் ஏத்துங்கலேன்னு சொல்லுவாரு. தண்ணி குடுத்தாக்கூட கைய நீட்டி வாங்கிக்கிடுவாரே தவிர ஒரு காலத் தூக்கி வைக்க மாட்டாரு" என்று சொன்னான். வெயிலில் ஒரு மாதமாக நின்றிருக்கிறார். ஸ்டென்ட் வைத்த மனுஷன்.

திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் என் வாயிலேயே செத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டுக் கையை வடத்தில் இருந்து எடுத்துக்கொண்டார். "நான் கால் வைக்கலளா. நீ வேணா இவனுகட்ட கேளு" என்றார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நாற்பது வருஷம் அத்தனை பேரை அதட்டி நடத்திய மனுஷன், என்னிடம் சாட்சிக்கு ஆள் காட்டுகிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் கண்ணில் படுகிறது என்று முந்தானையை இழுத்துக்கொண்டேன்.

மாலையில் இதய டாக்டரிடம் போனோம். நான் தனியாகக் கேட்டேன். இதயம் இப்போது நன்றாக இருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, பாரம் தூக்காமல் இருந்தால் வேலைக்குப் போகலாம் என்றார். ஆனால் நடுக்கடலில் வலி வந்தால் அங்கே யார் இருக்கிறார்கள், அதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும் என்றார். அவர் மறைக்கவில்லை, நானும் உனக்கு மறைக்கவில்லை. வளனிடமும் கேட்டேன். தோணி நடத்தத் தெரிந்த இன்னொருவரைத் துணைக்குப் போடுகிறேன், அண்ணாச்சி மூட்டையைத் தொட விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறான்.

பிறகு பங்குச் சாமியாரிடம் போனேன். மாதா முன்னால் செய்த சத்தியத்தை யார் அவிழ்ப்பது என்று கேட்டேன். யாருக்காகச் செய்தாரோ அவர் மனதோடு விட்டுக்கொடுத்தால், உன் வீட்டுக்காரர் வந்து ஒரு பாவசங்கீர்த்தனம் செய்யட்டும், மற்றதை மாதா பார்த்துக்கொள்வாள் என்றார். அது நீதான், என் மகளே.

நீ அனுப்பிய பந்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. அது இல்லாவிட்டால் சுக்கான் இன்றைக்கு இல்லை. இப்போதும் வீட்டில் பந்திலும் சிவப்புச் சாமானிலும்தான் கொடுக்கிறேன், தட்டில் போட்டால் இன்னும் விழுங்கத்தான் செய்கிறது. வயிற்றை அது காப்பாற்றியது. அதற்குமேல் அதனால் முடியவில்லை. என் கருவேப்பிலையாலும் முடியவில்லை, உன் மீன் தொட்டியாலும் முடியவில்லை.

இதையும் கேட்டுக்கொள். இந்த ஏழு மாதம் போல் நான் எப்போதும் இருந்ததில்லை. கல்யாணமாகி வந்த நாளில் இருந்து வானத்தைப் பார்த்தே காலம் தள்ளியவள் நான். காற்று திரும்பினால் ஜெபமாலையை எடுப்பேன். உன்னைப் பெற்றபோதுகூட அவர் கடலில்தான் இருந்தார். இப்போதுதான் ராத்திரி விழித்தால் பக்கத்தில் குறட்டை கேட்கிறது. வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்து என் உயிரை வாங்குகிறார் என்று உனக்கு எழுதினேன், அந்த நடைச் சத்தம் எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எழுதவில்லை. எனக்காக என்றால் அந்தச் சத்தியம் நூறு வருஷம் இருக்கட்டும். ஆனால் அந்த விளிம்பில் அவர் நின்ற நிலையைப் பார்த்த பிறகு, என்னால் அவரை அப்படி நிற்கவைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்க முடியவில்லை.

போய் வாருங்கள் என்று நானே சொல்லலாம்தான். மூன்று நாளாக முயன்று பார்க்கிறேன், வாய் வரவில்லை. நான் சொன்னாலும் அவர் போகமாட்டார், உனக்குக் கொடுத்த வாக்கு அது. நீ சொல்ல வேண்டும். ஒரு நடைக்கு மட்டும் என்று சொல். மாத்திரையைச் சட்டைப்பையில் வைக்கச் சொல். என்னவாவது ஆனால் உன்னை நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், இதை எழுதிக் கொடுத்தவள் நான்தான். யோசித்துப் பார்த்து உனக்கு மனம் வரவில்லை என்றாலும் சரி, அதற்காகவும் கோபப்பட மாட்டேன்.

மாதா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். உன் வீட்டில் விளக்கு எரியட்டும், உன் கை தொட்ட நோயாளிகள் எல்லோரும் எழுந்து நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, அம்மா எங்கே என்று மட்டும் கேட்காதே. அவரிடமே சொல்லிவிடு. நான் அடுக்களையில் மிக்ஸியைப் போட்டுக்கொண்டு நிற்பேன்.

உன் அம்மா,
சலேத்மேரி